அறியாத காது காத்த மொழி

நோர்ன் மொழியைப் படிக்க உட்காருகிறவருக்கு அரிச்சுவடி கிடையாது. அதைப் பேசியவர்கள் எழுதிவைத்த இலக்கணம் இல்லை, கதைப்புத்தகம் இல்லை, அச்சான விவிலியம் இல்லை. ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஓர்க்னி, ஷெட்லாந்து என்ற இரண்டு தீவுக்கூட்டங்களிலும் எதிர்க்கரையான கேத்னஸிலும் வழங்கிய மொழி அது. 9ஆம் நூற்றாண்டில் நார்வேயின் மேற்குக் கரையிலிருந்து குடியேறியவர்கள் கொண்டுவந்தார்கள். 18ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் வீட்டுப் பேச்சிலிருந்து ஏறக்குறைய ஓய்ந்துவிட்டது.

இன்று கையில் இருப்பதை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். ஓர்க்னியிலிருந்து ஒரு பரமண்டல ஜெபம், ஷெட்லாந்தின் ஃபூலா தீவிலிருந்து இன்னொன்று, அதே ஃபூலாவிலிருந்து 35 கண்ணிகள் கொண்ட ஒரு கதைப்பாடல், ஏறக்குறைய 30 சொற்களின் பட்டியல், சில விடுகதைகளும் குழந்தைப் பாட்டுத் துணுக்குகளும். இவை தவிர, பின்னால் வந்த ஸ்காட்ஸ் (ஆங்கிலத்துக்கு நெருங்கிய ஸ்காட்லாந்து மொழி) பேச்சுக்குள் தங்கிப்போன ஆயிரக்கணக்கான தனிச்சொற்களும் ஊர்ப்பெயர்களும் உண்டு. இவற்றில் எதையும் நோர்ன் பேசியவர் தம் கையால் எழுதித் தரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவர்கள் எழுதியவை. ஆகவே இந்தப் படிப்பில் சொல்லுக்கு முன்னால் வருவது காது. எழுதியவரின் காதைப் புரிந்துகொண்ட அளவுக்குத்தான் அவர் எழுதிய சொல் விளங்கும்.

முதல் வேலையாக ஒரு கெட்டி அட்டை நோட்டில் ஐந்து கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். சொல், அதைச் சொன்னவர், கேட்டு எழுதியவர், இடமும் ஆண்டும், எழுதியவர் எந்த மொழியின் எழுத்துமுறையில் பழகியவர். ஐந்தாவது கட்டம் அலுப்பாகத் தோன்றும். பாதிப் புதிர்கள் அவிழ்வது அங்கேதான்.

அடுத்தது உறவு மொழிகள். பழைய நார்ஸ் தெரியாமல் ஓரடி நகர முடியாது. ஐஸ்லாந்தின் சாகாக் கதைகள் எழுதப்பட்ட மொழி அது, நோர்னுக்குத் தாய். மூன்று பால், நான்கு வேற்றுமை, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விகுதி. அந்த அட்டவணைகள் மனப்பாடமாக வேண்டும். பிறகு ஃபாரோயீஸ். ஷெட்லாந்துக்கும் ஐஸ்லாந்துக்கும் நடுவில் இருக்கும் ஃபாரோ தீவுகளின் மொழி, நோர்னுக்கு உடன்பிறப்பு. அதில் எழுத்தில் இரட்டை ‘ல்’ இருக்கும் பல இடங்களில் வாய் ‘ட்ல்’ என்று சொல்லும். ‘ர்ன்’ என்று எழுதியிருந்தால் ‘ட்ன்’ என்று ஒலிக்கும். இந்த இரண்டையும் நோட்டின் உள்ளட்டையில் குறித்து வையுங்கள், சீக்கிரமே தேவைப்படும். மூன்றாவது ஸ்காட்ஸ். வைக்கிங் மோகத்தோடு வருகிறவர்கள் பெரும்பாலும் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அது பெரிய பிழை. நோர்னின் முக்கியமான பதிவுகளை எழுதிய கை ஸ்காட்ஸும் ஆங்கிலமும் பழகிய கை. அந்தக் கை எந்த ஒலியை எந்த எழுத்தால் குறிக்கும் என்று தெரியாவிட்டால் பதிவை வாய்விட்டுப் படிக்கக்கூட முடியாது.

ஆவணங்களில் நெடுநாள் தங்க வேண்டாம். ஓர்க்னியின் மேஸ்ஹவ் கல்லறைச் சுவரில் 12ஆம் நூற்றாண்டில் கீறப்பட்ட 30க்கும் மேற்பட்ட ரூனிக் வாசகங்கள் இருக்கின்றன. ஷெட்லாந்தின் மிகப் பழைய ஆவணம் 1299இல் எழுதப்பட்டது, பாப்பா ஸ்டூர் தீவின் நிலவரி பற்றிய தகராறு. ஸ்காண்டிநேவிய மொழியில் அங்கே எழுதப்பட்டுக் கிடைத்தவற்றில் கடைசி, 1607ஐச் சேர்ந்தது. ரூனிக் கீறல்கள் போக, மற்றவை எழுத்தர்களின் ஏட்டு மொழி. முதலில் நார்வே அலுவலக நடை, கடைசியில் டேனிஷ். களத்துமேட்டில் என்ன பேசினார்கள் என்பதை இவை அரிதாகவே காட்டும்.

ஒரு எச்சரிக்கை மட்டும். டென்மார்க்-நார்வே அரசர் முதலாம் கிறிஸ்டியன், மகள் மார்கரெட்டை ஸ்காட்லாந்தின் மூன்றாம் ஜேம்ஸுக்குக் கட்டிக்கொடுத்தபோது, சீர்ப்பணத்துக்கு ஈடாக 1468இல் ஓர்க்னியை 50,000 ஃப்ளோரினுக்கும், 1469இல் ஷெட்லாந்தை 8,000 ஃப்ளோரினுக்கும் அடகு வைத்தார். அடகு மீட்கப்படவே இல்லை. அந்த அடகுதான் நோர்னைக் கொன்றது என்று எழுதிவிட ஆசை வரும். ஆனால் ஓர்க்னியில் ஸ்காட்ஸில் எழுதப்பட்ட முதல் ஆவணம் 1433ஐச் சேர்ந்தது. அடகுக்கு 35 ஆண்டுகளுக்கு முன்பே, அங்கே பிரபுக்களும் அவர்களைச் சுற்றியிருந்தவர்களும் ஸ்காட்ஸுக்கு மாறத் தொடங்கிவிட்டார்கள்.

இனி ஃபூலாவுக்குப் போகலாம். இந்தப் படிப்பின் இதயம் அங்கே இருக்கிறது.

ஷெட்லாந்தின் பிரதான தீவுக்கு மேற்கே சுமார் 30 கிலோமீட்டர் தள்ளி, அட்லாண்டிக்கில் தனியாக நிற்கும் செங்குத்துப் பாறைத் தீவு ஃபூலா. பழைய நாள்காட்டிப்படி இன்றும் ஜனவரி 6இல் கிறிஸ்துமஸ் கொண்டாடும் ஊர். 1774இல் ஜார்ஜ் லோ என்ற இளைஞர் அங்கே படகில் வந்து இறங்கினார். ஸ்காட்லாந்தின் எட்ஜெல் ஊரில் பிறந்தவர். பறவை, மீன், செடிகொடிகளில் ஈடுபாடு கொண்டவர், பின்னால் ஓர்க்னியில் போதகரானவர். குட்டோர்ம் என்ற இடத்தில் வில்லியம் ஹென்றி என்ற வயதான குடியானவரைச் சந்தித்தார். ஹென்றிக்குப் பழைய மொழியில் பாட்டுகள் நினைவிருந்தன. லோவுக்கு அந்த மொழி ஒரு சொல்லும் தெரியாது. ஹென்றி சொல்லச் சொல்ல, காதில் விழுந்ததை விழுந்தபடியே எழுதிக்கொண்டார். அந்த மொழியை எழுதத் தெரிந்தவர் ஊரில் யாருமில்லை என்றும், பேசத் தெரிந்தவர்களே மிகச் சிலர் என்றும் குறித்து வைத்தார்.

லோவின் குறிப்பில் சொற்பட்டியலை முதலில் எடுங்கள். மீனுக்கு ஃபிஸ்க். ஹெர்ரிங் மீனுக்குச் சில்டின். படகுக்கு க்னோரின். பாய்மரத்துக்கு மோஸ்டின். பசுவுக்குக் குரின். கரண்டிக்கு ஸ்போனின். கழுகுக்கு எட்னின். இவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பாருங்கள். ஃபிஸ்க்கைத் தவிர எல்லாச் சொல்லின் வாலிலும் ஓர் ‘இன்’ தொங்குகிறது. ஸ்காண்டிநேவிய மொழிகளில் ‘அந்த’ என்ற குறிப்பு, பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் விகுதியாக ஒட்டும். க்னோர் என்றால் கப்பல், க்னோரின் என்றால் ‘அந்தக் கப்பல்’. லோ படகைச் சுட்டி ‘இதற்கு என்ன பெயர்’ என்று கேட்டிருப்பார், ஹென்றி ‘அந்தப் படகு’ என்று சொல்லியிருப்பார். லோ அதைப் படகின் பெயர் என்று எடுத்துக்கொண்டார். தவறாகப் புரிந்துகொண்டதால்தான், ஃபூலாவில் 1774இல் அந்த விகுதி உயிரோடு இருந்தது என்ற செய்தி நமக்குக் கிடைத்திருக்கிறது. மொழி தெரிந்தவராக இருந்திருந்தால் விகுதியைக் கழற்றிவிட்டு, அகராதி வடிவத்தைத் துப்புரவாக எழுதியிருப்பார்.

அதே பட்டியலில் கழுகைப் பாருங்கள். பழைய நார்ஸில் ‘அந்தக் கழுகு’ ஓர்னின். லோ எழுதியது எட்னின். உள்ளட்டையில் குறித்த ‘ர்ன்’ இங்கே ‘ட்ன்’ ஆகியிருக்கிறது. ஃபாரோ தீவில் நடந்த ஒலிமாற்றம் ஃபூலாவிலும் நடந்திருக்கிறது. ஃபாரோயீஸ் என்ற மொழி இருப்பதை நினைக்கவே காரணமில்லாத ஒருவர் இதை எழுதியிருக்கிறார். இட்டுக்கட்ட அவருக்கு வழியே இல்லை.

கடற்காக்கைக்கு அவர் எழுதிய சொல் விட் ஃபுக்லின், அதாவது ‘வெள்ளைப் பறவை’. ஃபுக்லின் அப்பட்டமான நோர்ன். ‘விட்’டை எழுதியபோது, வெள்ளையைக் குறிக்கும் அவருடைய சொந்த மொழிச் சொல் கையை இழுத்திருக்கும். நோட்டின் ஐந்தாவது கட்டம் இதற்காகத்தான். தெரிந்த சொல்லைப் போல ஒலிக்கும் இடத்தில் காது சறுக்கும். முற்றிலும் தெரியாத இடத்தில் அது நேர்மையாக இருக்கும்.

இப்போது இரண்டு பரமண்டல ஜெபங்களையும் பக்கம் பக்கமாக வையுங்கள். ஓர்க்னி வடிவம் ஜேம்ஸ் வாலஸ் 1700இல் வெளியிட்ட ஓர்க்னி வரலாற்றில் இருக்கிறது. ஃபூலா வடிவம் லோ எழுதியது. நம் ஜெபத்தின் ‘பரமண்டலம்’ இரண்டிலும் ஏறக்குறைய ஒரே சொல்லாக வருகிறது, பழைய நார்ஸின் ‘வான ராஜ்யம்’ என்ற தொடர் தேய்ந்த வடிவம். ‘உம்முடைய’ என்பதற்கு ஓர்க்னி எழுத்து மென்மையான ‘த’வில் தொடங்குகிறது, ஃபூலா எழுத்து ‘ட’வில். ‘மன்னியும்’, ‘இரட்சியும்’ என்ற இடங்களில் இரண்டிலுமே ஆங்கிலச் சொல் நுழைந்திருக்கிறது.

நின்று பார்க்க வேண்டிய இடம் ‘தீமையினின்று’ என்ற சொல். ஓர்க்னியில் ‘ஓல்ட் இல்ட்’. ஃபூலாவில் ‘அட்லு இட்லு’. பழைய நார்ஸில் ‘இருந்து’ என்ற பொருள் தரும் சொல்லைத் தொடர்ந்து வரும் பெயர் நான்காம் வேற்றுமையில் நிற்க வேண்டும், விகுதி ‘உ’. ஓர்க்னி வடிவத்தில் அந்த விகுதி இல்லை, வேற்றுமை குலைந்துவிட்டது. ஃபூலாவில், 74 ஆண்டுகள் கழித்து, இரண்டு சொற்களின் முடிவிலும் ‘உ’ அப்படியே நிற்கிறது. கூடவே இரட்டை ‘ல்’ ‘ட்ல்’ ஆகியிருக்கிறது. எனக்குத் தெரிந்து, நோர்னில் மிஞ்சிய எல்லாவற்றிலும் இந்த இரண்டு சொற்களைப் போல் பேசுபவை வேறில்லை. வேற்றுமை என்றால் என்னவென்று அந்த மொழியில் அறியாத ஒருவர், ஒரு கிழவரின் வாயிலிருந்து அதைப் பிடித்து வைத்திருக்கிறார்.

இங்கேயே ஒரு கடிவாளமும் வேண்டும். ஜெபம் மனப்பாடமாக வருவது. அன்றாடப் பேச்சு இழந்துவிட்ட விகுதியை ஜெபம் இரண்டு மூன்று தலைமுறை தாங்கி நிற்கலாம். ஆகவே நோட்டில் ‘1774இல் ஃபூலாவில் நான்காம் வேற்றுமை வழங்கியது’ என்று எழுதாதீர்கள். ‘1774இல் ஃபூலாவில் ஒருவர் ஓதிய ஜெபத்தில் நான்காம் வேற்றுமை இருந்தது’ என்று எழுதுங்கள்.

அடுத்து, ஹென்றி சொன்ன அந்த 35 கண்ணிக் கதைப்பாடல், ஹில்டினா பாடல். மிகக் கடினமான வேலை. கதை தெரிந்தால் கொஞ்சம் பிடிமானம் கிடைக்கும். ஓர்க்னியின் பிரபு நார்வே அரசரின் மகள் ஹில்டினாவைக் கொண்டுபோகிறார். தந்தை படையோடு துரத்தி வருகிறார். மகள் இருவரையும் சமாதானப்படுத்துகிறாள். ஹிலுகே என்பவன் அரசரின் மனத்தைக் கலைக்கிறான், பிரபுவைக் கொன்று தலையை அவள் மடியில் எறிகிறான். பிறகு அவனுக்கே அவளை மணமுடிக்கிறார்கள். மணவிருந்தில் அவள் மதுவில் மயக்கமருந்து கலந்து, தந்தையையும் மற்றவர்களையும் வெளியே இழுத்துப் போட்டுவிட்டு, ஹிலுகே உள்ளே இருக்க மண்டபத்துக்குத் தீ வைக்கிறாள். அவன் இரக்கம் கேட்கிறான். தன் கணவனுக்கு அவன் காட்டிய இரக்கம் எவ்வளவோ, அவ்வளவே அவனுக்கும் என்கிறாள்.

ஹென்றியால் இந்தச் சுருக்கத்தைச் சொல்ல முடிந்தது. வரி வரியாகப் பொருள் சொல்ல முடியவில்லை. லோ எழுதியதில் எந்தச் சொல் எங்கே முடிகிறது என்பதே குழப்பம். இரண்டு சொல் ஒட்டியிருக்கும், ஒரு சொல் பிளந்திருக்கும். 1900இல் நார்வே அறிஞர் மாரியஸ் ஹேக்ஸ்டாட் பாடல் முழுவதையும் எடுத்து, ஒவ்வொரு வரியையும் பிரித்துச் சேர்த்து, திருத்திய வடிவத்தையும் ஆய்வையும் வெளியிட்டார். நோர்னின் மிக நெருங்கிய உறவு தென்மேற்கு நார்வேயின் பேச்சும் ஃபாரோயீஸும் என்பதற்கு அந்த ஆய்வு உறுதியான அடித்தளம்.

அவர் வழியில் நீங்களும் ஒரு கண்ணியைப் பிரித்துப் பாருங்கள். லோவின் வரியில் இடைவெளிகளை மறந்துவிட்டு, ஸ்காட்ஸ் வாய்க்கு எப்படி வருமோ அப்படி உரக்கப் படியுங்கள். இரண்டாம், நான்காம் அடிகளின் இயைபைத் தேடுங்கள். அது கிடைத்தால் உயிரொலி ஒன்று நிலைபெறும். தாளம் எங்கே விழுகிறதோ அங்கே சொல் தொடங்கும் வாய்ப்பு அதிகம். அதன் பிறகே பழைய நார்ஸ் அகராதியைத் திறக்க வேண்டும். அகராதியை முதலில் திறந்தால், நமக்கு வேண்டிய சொல்லை அந்த வரி சொல்வதாகவே கேட்கும். லோவின் எழுத்து ஒரு பத்தியில், திருத்தம் இன்னொன்றில், பழைய நார்ஸ் மூன்றாவதில் இருக்கட்டும். முதல் பத்தியின் மேல் ஒருபோதும் அழித்து எழுதாதீர்கள்.

அடுத்த காது முற்றிலும் வேறு விதமானது. யாகொப் யாகொப்சன் 1864இல் ஃபாரோ தீவுகளின் டோர்ஸ்ஹவனில் பிறந்தவர். ஃபாரோயீஸும் தேவாலயத்திலும் நீதிமன்றத்திலும் இடமில்லாமல், டேனிஷின் நிழலில் வாய்மொழியாகவே கிடந்த மொழிதான். ஹாமர்ஷைம்ப் என்பவர் 1846இல் அதற்கு எழுத்துமுறை வகுத்தார். அதற்கு 18 ஆண்டுகளுக்குப் பின் பிறந்த பிள்ளை, 1893இல் ஷெட்லாந்துக்கு வந்து, உடன்பிறப்பு மொழியின் சில்லுகளைப் பொறுக்கத் தொடங்கினார். 1895 வரை ஊர் ஊராக நடந்தார். சுமார் 10,000 சொற்களைச் சேர்த்தார். அவற்றில் பல, கிழவர்கள் யோசித்து யோசித்து நினைவுக்குக் கொண்டுவந்தவை. அவரது சொற்பிறப்பியல் அகராதி 1908இலிருந்து பகுதி பகுதியாக வந்தது. அச்சு முடிவதற்குள், 1918இல், அவர் இறந்துவிட்டார். கடைசிப் பகுதி 1921இல் வெளிவந்தது. ஆங்கில வடிவம் 1928, 1932இல் இரண்டு தொகுதிகளாக வந்தது. ஓர்க்னிக்கு அதே வேலையை ஹியூ மார்விக் செய்து 1929இல் நூலாக்கினார்.

அகராதியை அகர வரிசையில் படிக்காதீர்கள். தொழில் வாரியாகப் படியுங்கள். நோர்ன் எங்கே ஒதுங்கியது என்று அப்போது தெரியும். கோயிலிலும் சந்தையிலும் அது இல்லை. எரிக்கப் பயன்படும் பீட் கரிமண்ணை வெட்டும் மண்வெட்டியில் இருக்கிறது, டுஷ்கர். படகைக் கரையேற்றி வைக்கும் குழியில் இருக்கிறது, நூஸ்ட். ஆட்டின் நிறத்தில் இருக்கிறது: செம்பழுப்பு ஆடு மூரிட், தலைக்கவசம் போட்டதுபோல் முகம் வெளுத்த ஆடு ஷோல்மெட்.

எல்லாவற்றையும்விட அதிகமாக ஆழ்கடலில் இருக்கிறது. ஆறு துடுப்புப் படகில் தூரக் கடலுக்குப் போன மீனவர்கள் சில பெயர்களைக் கடலில் உச்சரிக்க மாட்டார்கள், உச்சரித்தால் கேடு. போதகரைப் போதகர் என்று சொல்லக்கூடாது, ‘நிமிர்ந்து நிற்பவர்’. தேவாலயம் ‘பெனிஹூஸ்’, அதாவது ஜெப வீடு. பூனை ‘வோலர்’, ஊளையிடுவது. கரையில் மறக்கப்பட்ட மொழிக்குக் கடல்தான் பாதுகாப்பான இடமாயிற்று. அச்சம் காத்த சொற்கள் இவை. இவற்றைத் தனிப் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

யாகொப்சனின் காதையும் சோதிக்க வேண்டும். லோவுக்கு மொழி தெரியாதது பலம் என்றால், யாகொப்சனுக்கு மிக நன்றாகத் தெரிந்தது ஆபத்து. ஃபாரோ காதுக்கு எல்லாம் ஃபாரோவாக ஒலிக்கலாம். அவர் கேட்டது நோர்ன் பேச்சையும் அன்று. ஸ்காட்ஸ் பேசியவர்களிடம் தங்கியிருந்த நோர்ன் சொற்களைத்தான் கேட்டார். ஆகவே அகராதியின் ஒவ்வொரு சொல்லையும் மூன்று சல்லடையில் போட வேண்டும். இது ஸ்காட்லாந்து முழுதும் வழங்கும் சொல்லா? தேவாலயத்துக்கு ‘கிர்க்’ என்பது நார்ஸ் மூலம்தான், ஆனால் ஸ்காட்ஸ் வழியாகவும் தீவுக்கு வந்திருக்கலாம், அதனால் சான்றாகாது. டச்சு, கீழ் ஜெர்மன் சொல்லா? பிரெமன், ஹாம்பர்க் வணிகர்கள் ஷெட்லாந்துக் கரைகளில் இரண்டு நூற்றாண்டுக்கும் மேல் கடை போட்டிருந்தார்கள். மூன்றாவது, ஒரே ஊரில் ஒரே ஒருவர் சொன்னதா, பல தீவுகளில் கேட்டதா? யாகொப்சன் ஊர் வாரியாகக் குறித்திருப்பதால் இதற்கு விடை கிடைக்கும். அந்த நேர்மைக்காக அவரை வணங்கலாம். சல்லடையில் நிற்பது பாதியாகக் குறைந்தாலும் மனம் தளர வேண்டாம்.

ஊர்ப்பெயர்களுக்கு வரைபடம் போதாது, பழைய பத்திரங்கள் வேண்டும். ஓர்க்னியின் தலைநகர் கிர்க்வால் நல்ல பாடம். பழைய பெயர் கிர்க்யுவாக்ர், ‘கோயில் குடா’. பேச்சில் அது கிர்க்வா என்று தேய்ந்தது. ஸ்காட்ஸில் சுவருக்கு ‘வா’ என்று பேச்சு வழக்கு. ஸ்காட்ஸ் எழுத்தர்கள் குடாவைச் சுவர் என்று நினைத்து, இல்லாத ‘ல்’ஐச் சேர்த்துத் திருத்திவிட்டார்கள். ஷெட்லாந்தின் டிங்வால் அப்படியல்ல, அது உண்மையிலேயே சபை கூடிய திடல். இரண்டும் இன்று ஒரே மாதிரி முடிகின்றன.

நோர்ன் எப்போது, எப்படி முடிந்தது என்ற கேள்வியைக் கடைசிக்கு வைத்துக்கொள்வது நல்லது. ஆய்வாளர்களில் லாரிட்ஸ் ரெண்ட்போ, கடைசிவரை நோர்ன் தன் கட்டுக்கோப்போடு நின்றது என்று வாதிட்டார். மைக்கேல் பார்ன்ஸ், 1998இல் வந்த தம் நூலில், மக்கள் தலைமுறை தலைமுறையாக மதிப்பும் பயனும் உள்ள ஸ்காட்ஸுக்கு மாறியதையே காண்கிறார். பிள்ளைகளிடம் பேசுவதை நிறுத்திய நாளில்தான் மொழி முடிகிறது என்பதால், என் மனம் பார்ன்ஸ் பக்கம் சாய்கிறது. அன்ஸ்ட் தீவின் ஸ்காவில் வாழ்ந்து, 1850 வாக்கில் இறந்த வால்டர் சதர்லாந்து கடைசியாக நோர்ன் பேசியவர் என்று யாகொப்சனிடம் சொன்னார்கள். அவர் பேசினாரா, ஹென்றியைப் போலச் சில துண்டுகளை நினைவில் வைத்திருந்தாரா? நோட்டில் அவருடைய பெயருக்கு எதிரே ‘கேட்டு எழுதியவர்’ என்ற கட்டம் காலியாக இருக்கிறது.

அப்படிக் காலியான கட்டங்கள் நிறைய வரும். இன்று சிலர் நோர்னை மீண்டும் பேச விரும்பி, இல்லாத சொற்களை ஃபாரோயீஸிலிருந்தும் பழைய நார்ஸிலிருந்தும் நிரப்பிப் புதிய நோர்ன் ஒன்றை உருவாக்குகிறார்கள். அன்பால் செய்கிற வேலை அது, தடுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தச் சொற்களுக்கு முன்னால் நட்சத்திரக் குறி போட்டு, வேறு நோட்டில் எழுதுங்கள். முதல் நோட்டில், ஹென்றி சொல்லி லோ கேட்டதைப் போல, உண்மையில் ஒருவர் சொல்லி இன்னொருவர் கேட்டது மட்டும் இருக்கட்டும். லோ தம் குறிப்புகள் அச்சேறுவதைப் பார்க்காமல் 1795இல் இறந்தார். அவை முழுதாக வெளிவந்தது 1879இல். ஃபூலாவின் கிழவர் ஓதிய அந்த ‘அட்லு இட்லு’ அவற்றில் அப்படியே இருக்கிறது, அறியாத காது கேட்டபடியே.